மூன்றாம் பக்கத்தில் நான்கு மணி

விந்தார்த்தி என்ன வேலை பார்க்கிறாள் என்பது அவளுடைய அப்பா வகிமானுக்குக் கடைசிவரை பிடிபடவே இல்லை. செமாராங் நகரில் முப்பது வருஷம் ஐந்தாம் தடத்தில் பஸ் ஓட்டியவர் அவர். மகள் ஒரு செய்தித் தளத்தில் இருக்கிறாள் என்பது தெரியும். ஆனால் அவள் பேர் போட்டு ஒரு செய்தியும் வந்ததில்லை.

"அப்போ அங்க உக்காந்து என்னதான் பண்றே?" என்று ஒருநாள் கேட்டார்.

"படிக்க வர்றவங்க உடனே ஓடிப்போகாம பாத்துக்கறேன், பாக்." எங்கள் ஊரில் அப்பாவையும் பெரியவர்களையும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

வகிமான் வேர்க்கடலையை மென்றுகொண்டே யோசித்தார். "ஸ்டாப் வந்தா ஆளு இறங்கத்தான் செய்வான். கதவைச் சாத்திட்டு ஓட்டுனா அதுக்குப் பேரு வேற" என்றார். விந்தார்த்தி சிரித்துவிட்டு எழுந்து போனாள். அவர் எல்லாவற்றையும் பஸ்ஸோடு முடிச்சுப் போடுகிறவர் என்று நினைத்துக்கொண்டாள்.

அலுவலகம் பழைய நகரத்தில், பண்டெங் மீன் விற்கும் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. எந்நேரமும் மீன் அவியும் வாசனை. ஒன்பது பேர், ஒன்பது நாற்காலிகள். முதலாளி பாக் ஹெர்மவானின் தலைக்கு மேலே ஒரு பெரிய திரை. அதில் எழுத்துகளைவிடப் பெரிதாக ஒரு எண். பவுன்ஸ் ரேட் என்பார்கள். சுவரில் பட்ட பந்துபோல, ஒரு பக்கத்துக்கு வந்த கையோடு திரும்பிப் போகிறவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்ற கணக்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அது எழுபத்தெட்டில் நின்றது.

"வாசலுக்கு வந்தவன் ஒரு டீயாவது குடிச்சிட்டுப் போக வேணாமா? இங்க எழுபத்தெட்டு பேரு செருப்பைக்கூடக் கழட்ட மாட்டேங்கறான்" என்று பாக் ஹெர்மவான் கத்தினார். "இன்னும் ரெண்டு மாசம் இப்படியே போச்சுன்னா இந்த நாற்காலியில பாதி காலி."

அந்த ரெண்டு மாதத்தில்தான் விந்தார்த்தி தன் வழியைக் கண்டுபிடித்தாள். பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. செய்தியை மூன்று பக்கமாக வெட்டு. தலைப்பில் ஒரு கேள்வி கேள். முதல் பக்கத்தில் ஆசை காட்டு, இரண்டாம் பக்கத்தில் ஊர்க்கதை பேசு, விடையைக் கொண்டுபோய் மூன்றாம் பக்கத்தின் கடைசியில் வை. நாளை எந்தத் தெருவில் மின்சாரம் இருக்காது? மூன்றாம் பக்கம். பள்ளி திறக்கும் தேதி? மூன்றாம் பக்கம். மற்றத் தளத்துக்காரர்களும் பக்கம் பிரித்தார்கள்தான். ஆனால் விடையை இவளைப்போல ஈவிரக்கம் இல்லாமல் ஒளித்துவைக்க யாருக்கும் கை வரவில்லை.

எண் நாற்பத்தாறுக்கு இறங்கியது. ஒருவர் வேலையும் போகவில்லை. "விடை மூன்றாம் பக்கத்தில்" என்று பெரிய எழுத்தில் அச்சடித்து அவளுடைய மேசைக்குப் பின்னால் ஒட்டினார்கள். அவளைத் தலைமை இடத்தில் உட்கார வைத்தார்கள். படித்தவர்கள் செய்திக்குக் கீழே வாய்க்கு வந்தபடி எழுதித் திட்டினார்கள். திட்டுகிறவனும் மூன்று பக்கம் தாண்டி வந்துதானே திட்டுகிறான் என்று பாக் ஹெர்மவான் குளிர்ந்துபோனார். விந்தார்த்திக்கு உறுத்தவே இல்லையா என்றால், உறுத்தியது. மறுநாள் காலையில் ஒன்பது நாற்காலியிலும் ஆள் இருப்பதைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. நம்மில் பலருக்கும் உறுத்தல் அப்படித்தான் அடங்குகிறது.

அவளுக்கு ஒரே ஒரு அண்ணன், குரித்னோ. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் வகிமானுக்குக் காய்ச்சல். அண்ணன் உரிமம் இல்லாமலே அப்பாவின் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய், சந்தை வளைவில் ஒரு வண்டிக்காரர் மேல் ஏற்றிவிட்டான். அவருக்குக் கால் போயிற்று. வகிமானுக்கு ஐந்தாம் தடம் போயிற்று. "என் பாடைக்குக்கூட நீ தோள் கொடுக்கக் கூடாது, போடா" என்று முற்றத்தில் நின்று தெருவே கேட்கச் சொன்னார். குரித்னோ போனவன் போனவன்தான். மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் தெகால் பக்கம் ஏதோ படகுப் பட்டறையில் அவனைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். எந்தப் பட்டறை என்று தெரியாது. தொலைபேசி எண்ணும் கிடையாது.

ஆனால் விந்தார்த்திக்கு மட்டும் ஒரு தடயம் இருந்தது. எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் இந்த நிமிஷம் படிக்கிறார்கள் என்று காட்டும் பட்டியல் அவள் கைபேசியில் உண்டு. பஸ்ஸைப் பற்றி எந்தச் செய்தி போட்டாலும் அதில் "தெகால் – 1" என்று ஒரு வரி முளைக்கும். செய்திக்குக் கீழே பேரில்லாமல் ஒரு வாசகம் விழும்: "பிரேக் பார்த்து ஓட்டுங்கள்." அது அப்பா தினமும் வண்டி எடுக்கும்போது சொல்வது. வேறு யார் எழுதுவார்கள்? அண்ணனுக்காகவே அவள் வாரம் ஒரு பஸ் செய்தி போட்டாள் என்று சொன்னால் பாக் ஹெர்மவான் நம்ப மாட்டார், ஆனால் அதுதான் உண்மை. ஒருமுறை அந்த வாசகத்துக்குக் கீழே அண்ணனைக் கூப்பிடும் வழக்கப்படி "மாஸ், நீயா?" என்று எழுதிப் பார்த்தாள். பதில் வரவில்லை. அதன்பின் ஒரு மாதம் தெகாலும் வரவில்லை. பயந்துபோய் அழித்துவிட்டாள்.

வகிமானுக்குப் பக்கவாதம் வந்து இருபது நாள் படுத்தார். பத்தொன்பதாம் நாள் மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். வாய் கோணியிருந்ததால் ஒவ்வொரு சொல்லாக வந்தது. "குரித்னோ... வந்தா... இருந்து என் பாடையைத் தூக்கச் சொல்லு." அவ்வளவுதான். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் இறந்தவரை அன்றே அடக்கம் செய்துவிட வேண்டும். காலையில் போனவர் என்றால் நண்பகல் தொழுகைக்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள். பெரியப்பா, அவரை பக்தே என்று கூப்பிடுவார்கள், தோளில் துண்டோடு வந்து எப்போது தூக்குவது என்று கேட்டார். விந்தார்த்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு மணி வரைக்கும் பொறுங்க, பக்தே. மாஸ் வருவான்."

"பன்னண்டு வருஷம் வராதவனா? யாரு போய்ச் சொல்லுவா அவனுக்கு?"

"நான் சொல்றேன்."

கூடத்தின் மூலையில் உட்கார்ந்து கைபேசியில் எழுதினாள். முதல் வரியாக இதைத்தான் எழுதினாள்: "மூத்த மகன் குரித்னோ வந்து தோள் கொடுக்க வேண்டும் என்பதே அவருடைய கடைசி வார்த்தை. மாலை நான்கு மணி வரை வீட்டில் காத்திருப்போம்." அதன்பின்தான் பஸ், முப்பது வருஷம், ஊர் எல்லாம். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரன் யூலியந்தோவுக்கு அனுப்பி, உடனே போடச் சொன்னாள். எட்டு மணிக்குள் வந்துவிட்டது என்று அவன் பதில் அனுப்பினான். தளத்தைத் திறந்து பார்க்க அவளுக்கு நேரம் இல்லை. அப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் நிரப்ப வேண்டும், வருகிறவர்களுக்குப் பாய் போட வேண்டும். கைபேசியை அலமாரியில் வைத்தாள்.

பதினோரு மணிக்குத் தொழுகை விரிப்போடு ஆட்கள் வந்தார்கள். பன்னிரண்டரைக்கு வானம் கருத்தது. பக்தே மறுபடி அருகில் வந்தார்.

"இன்னிக்குக் கடல் ஏறும் நாளும்மா. கல்லறைத் திடலு தாழ்ந்த இடம். நாலு மணிக்குக் குழியில முழங்கால் தண்ணி நிக்கும். உங்கப்பனைத் தண்ணியிலயா வைக்கச் சொல்றே?"

விந்தார்த்தி அலமாரியைத் திறந்து கைபேசியை எடுத்தாள். பட்டியலைப் பார்த்தாள். செமாராங், கெந்தால், தெமாக்... அவற்றுக்குக் கீழே தெகால் – 1.  வந்துவிட்டான், படிக்கிறான். அந்த வரியின் ஓரத்தில், எவ்வளவு நேரமாகப் படிக்கிறான் என்ற கணக்கைப் பார்த்தாள். நாற்பத்தொன்பது நிமிஷம். ஐம்பது. ஐம்பத்தொன்று.

அந்தச் சந்தோஷம் அங்கேயே செத்தது. முதல் வரியைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்து விநாடி. படித்தவன் அடுத்த பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டும். இவன் ஒரு மணி நேரமாகத் தெகாலில் உட்கார்ந்து அதே பக்கத்தை வெறித்துக்கொண்டிருக்கிறான். அப்பா கூப்பிட்டும் வர மனசில்லை, அதுதானே அர்த்தம்? அவளுக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. ஒரு மனுஷன் என்ன நினைக்கிறான் என்பதை எண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று மூன்று வருஷமாக நம்பிப் பழகியவள். அன்றைக்கும் நம்பினாள்.

"அவன் வரமாட்டான், பக்தே. தூக்குங்க."

"நல்லா யோசிச்சியா?"

"தூக்குங்கன்னு சொல்றேன்ல!"

ஒன்றரை மணிக்குத் தூக்கினார்கள். வாசலில் பாடையை உயர்த்திப் பிடிக்க, பிள்ளைகள் அதன் அடியில் குனிந்து மூன்று முறை போய்வர வேண்டும். மூத்தவன் முன்னால், இளையவர்கள் பின்னால். விந்தார்த்தி தனியாகப் போனாள். ஒவ்வொரு முறையும், முன்னால் ஒருவர் போவதுபோல ஓர் எட்டு இடைவெளி விட்டுப் போனாள். அதை யாரும் கவனிக்கவில்லை.

அடக்கம் முடிந்து, வீட்டில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் மீன் ஏற்றும் லாரி ஒன்று நின்றது. நரைத்த தலையோடு ஒரு ஆள் குதித்து, சந்தில் ஓடிவந்தான். செருப்பு ஒன்றுதான் இருந்தது. முற்றத்துக்கு வந்ததும் நின்றான். அப்பா போடா என்று சொன்ன அதே இடம். காலியான கட்டிலைப் பார்த்தான், கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நாலுக்கு இருபது நிமிஷம்.

"எங்க அப்பா?"

விந்தார்த்தி கல்லறைத் திடல் இருக்கும் திசையில் கையை மட்டும் காட்டினாள்.

"நாலு மணி வரைக்கும்னு எழுதியிருந்துச்சே, வின். நாலு மணி வரைக்கும் காத்திருப்போம்னு நீதானே எழுதியிருந்தே? நான் நாலு மணிக்குள்ள வந்துட்டேனே."

"நீ... ஒரு மணி நேரம் அங்கயே உக்காந்திருந்தே, மாஸ். பாத்தேன். படிச்சிட்டும் வரலைன்னு..."

"என்னத்தப் படிச்சேன்?" என்றான் குரித்னோ. "பேசாத மகனுக்கு விட்டுட்டுப் போன கடைசி வார்த்தை என்னன்னு தலைப்பு. வராதேன்னுதான் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன். அது என்னன்னு தெரியாம இந்த வாசல்ல எப்படிக் காலை வைப்பேன்? மொத பக்கத்துல இல்ல. ரெண்டாவதுல ஐந்தாம் தடத்துக் கதை. மூணாவதைத் தொட்டா ஷாம்பு விளம்பரம் வருது. அதை மூடப் போனா ஏதோ விளையாட்டுக்கு இழுத்துட்டுப் போகுது, திரும்பி வந்தா மறுபடி மொத பக்கம். பட்டறையில சிக்னலு ஒரு கோடு. எத்தனை தடவைன்னு எனக்கே தெரியல. கடைசியில, எல்லாத்துக்கும் கீழ இருந்துச்சு. பாத்ததும் ஓடி வந்தேன்."

விந்தார்த்தி கைபேசியில் அந்தப் பக்கத்தை முதன்முறையாகத் திறந்தாள். அவள் எழுதிய முதல் வரி மூன்றாம் பக்கத்தின் அடியில் இருந்தது.

யூலியந்தோவைக் கூப்பிட்டாள். "ஆமா, இபு வின், நான்தான் மாத்துனேன்" என்று மரியாதை மாறாமல் சொன்னான் அவன். குரலில் பரிவுதான் இருந்தது. "நீங்க துக்கத்துல மறந்து விடையை மேலயே வெச்சிட்டீங்க. நம்ம முறைப்படி நானே சரி பண்ணிட்டேன். நீங்க அதைப் பத்திக் கவலைப்படாதீங்க." அவனை எப்படித் திட்டுவது? அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது யார்?

குரித்னோ கல்லறைக்குத் தனியாகப் போனான். கடல் நீர் ஏறி, புதுமண்ணைச் சுற்றிக் கணுக்கால் அளவு நின்றதாம். இருட்டும்வரை அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தான் என்று பக்தே சொன்னார். வீட்டில் ஏழு நாள் ஓதுவார்கள், இருக்கச் சொல்லுங்கள் என்று விந்தார்த்தி ஆள் அனுப்பினாள். "தோள் கொடுக்கச் சொன்னவரு போயிட்டாரு. இனிமே யாருக்காக இருக்கணும்?" என்று சொல்லி அனுப்பிவிட்டு, வந்த லாரியிலேயே ஏறிப் போய்விட்டான். தொலைபேசி எண் கேட்டார்களாம், கொடுக்கவில்லை.

எட்டாம் நாள் அவள் வேலைக்குப் போனாள். பாக் ஹெர்மவான் எழுந்து வந்து இரு கையாலும் அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. பிறகு தயங்கித் தயங்கி, "இதை இப்போ சொல்லலாமா தெரியல. இந்த மாசத்துல ஆளுங்க அதிகமா ஓடாம நின்ன பக்கம் உங்கப்பாவோடதுதான், இபு. முப்பத்தொண்ணு. நாம தொட்டதே இல்லாத எண்ணு" என்றார். திரையில் ஊர்வாரியாகக் காட்டினார். தெகால் வரியில் ஒரு வாசகர், மூன்று பக்கமும் படித்தவர், ஐம்பத்து மூன்று நிமிஷம். ஓடிப்போனவர் பூஜ்யம்.

விந்தார்த்தி தன் மேசைக்குப் போய், பின்சுவரில் இருந்த தாளைக் கிழித்தாள். யாரும் தடுக்கவில்லை. துக்கத்தில் இருக்கிறாள் என்று விட்டுவிட்டார்கள். சாயங்காலமே அதே வாசகத்தோடு வேறொரு தாள் ஒட்டினார்கள். அவள் வேலையை விடவில்லை, விட்டுவிட்டு எங்கே போவாள்? மரணச் செய்திகளை மட்டும் இப்போது யாரிடமும் கொடுக்காமல் தானே போடுகிறாள். எத்தனை மணிக்கு, எந்தத் திடலில் என்பதுதான் முதல் வரி. அதில் எண் எழுபதைத் தாண்டுகிறது. பாக் ஹெர்மவான் பார்த்தும் பார்க்காததுபோல இருக்கிறார்.

வாரம் ஒரு பஸ் செய்தியையும் அவள் விடுவதில்லை. ஒரே பக்கம், விளம்பரம் இல்லாமல், சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் திறக்கும்படி போடுகிறாள். போட்டுவிட்டு ஊர்ப் பட்டியலைத் திறந்துவைத்து மாலைவரை பார்க்கிறாள். செமாராங் வருகிறது, கெந்தால் வருகிறது, தெமாக் வருகிறது. தெகால் அதன்பிறகு வரவே இல்லை.