ஹனியாவின் குலவை

காபெஸ் ஊரில் மப்ரூக்கா குலவையிட்டால் மூன்று தெருவுக்குக் கேட்கும். தங்கை மகன் கல்யாணத்தில் மப்ரூக்காவின் மகள் ஹனியா ஆசையாகக் குலவையைத் தொடங்கினாள். பாதியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டாள்.

“என்னடி, கோழிக் கழுத்தப் பிடிச்ச மாதிரி? தின்ன மட்டும்தான் வாய் தொறக்குமா, சோம்பேறி!” என்றாள் மப்ரூக்கா. கூடியிருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள்.

மறுவாரம் மகளின் இருமலுக்காக இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டரம்மா ஹனியாவை ஒரு குழாயில் ஊதச் சொன்னார்.

“இவ எந்த மாசத்துல பொறந்தா?”

“ஏழாம் மாசத்துலயே, குறைமாசமாப் பொறந்துட்டா. அது இருபது வருசத்துக் கதையாச்சே டாக்டரம்மா!”

“பொண்ணு வளந்துட்டா. நுரையீரல் அவ்வளவா வளரல. இது சோம்பல் இல்லம்மா.”

சின்ன வயதில் மாடிப்படியில் உட்கார்ந்துவிடுகிற மகளைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தது மப்ரூக்காவுக்கு நினைவு வந்தது. தலை தானாகக் கவிழ்ந்தது.

“ஏண்டி, என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேனே உம்மா. நடிக்கிறேன்னு சொன்னீங்க.”

அடுத்த கல்யாணத்தில் மகள் தொடங்கும்வரை மப்ரூக்கா காத்திருந்தாள். மகளோடு சேர்ந்து குலவையிட்டாள். ஹனியாவின் மூச்சு நின்ற இடத்தில் தானும் நிறுத்திக்கொண்டாள்.

“என்னக்கா, கிழவியாயிட்டியா?” என்று சிரித்தாள் தங்கை.

“எங்க வீட்டுக் குலவை இவ்வளவுதான்” என்றாள் மப்ரூக்கா. மகள் முகத்தை மட்டும் அவளால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.