ருசி பார்த்தால் சாப்பிட்டதாகுமா

எடை பார்க்கும் மிஷினோடு நான் சண்டை போட்டதை எங்கள் வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். எழுபத்தொன்பதில் வந்து நின்றுவிட்டது முள். காலையில் ஏறினாலும் எழுபத்தொன்பது, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாலும் எழுபத்தொன்பது. கொலுசைக்கூடக் கழற்றிவிட்டு ஏறிப் பார்த்தேன். கடைசியில் மிஷின்தான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, தோட்டத்திலிருந்து பிரிக்காத உர மூட்டை ஒன்றைத் தூக்கி வரச்சொல்லி அதன்மேல் வைத்தேன். ஐம்பது கிலோ மூட்டை, ஐம்பது என்றே காட்டியது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மிஷின் உடையாமல் பிழைத்ததே பெரிய விஷயம்.

எனக்குச் சர்க்கரை வந்து சில வருஷம் ஆகிறது. மாத்திரையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். போன வருஷம் தேனியில் நான் காட்டும் டாக்டர், உடம்பைக் குறைக்காமல் இது அடங்காது என்று சொல்லி, மாத்திரை அளவை மாற்றி எழுதி, மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். சோறு, இட்லி, தோசை, கிழங்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விட்டேன். முட்டை, கீரை, மீன், கோழி, தேங்காய், ஒரு கை நிலக்கடலை, இவ்வளவுதான் சாப்பாடு. பழம் சாப்பிடுவீர்களா என்று கேட்டார். பழமே தொடுவதில்லை என்றேன். அது சத்தியமான வார்த்தை என்றுதான் நினைத்தேன். திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற வீட்டில் யாரும் திராட்சை சாப்பிடமாட்டோம். வருஷம் முழுக்க அதன் வாசத்திலேயே கிடப்பவர்களுக்கு அதைத் தட்டில் வைத்து எடுத்துத் தின்ன மனசு வராது.

முதல் எட்டு கிலோ மளமளவென்று இறங்கியது. ஜாக்கெட்டெல்லாம் பிடித்துத் தைத்தேன். எங்கள் ஊர் ஓடைப்பட்டியில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் என்ன சங்கதி என்று விசாரித்தார்கள். நானும் கொஞ்சம் தலைகால் தெரியாமல்தான் திரிந்தேன். அப்புறம் நின்றது முள். அதோடு மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கும் ஏறியது. டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை வரும்போதும் எடையும் சர்க்கரையும் இப்படியே இருந்தால் இன்சுலின் ஊசி ஆரம்பித்துவிடலாம் என்றார். அது ஒன்றும் தண்டனை இல்லை, எத்தனையோ பேர் போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறார்கள் என்றும் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் எனக்கு ஊசி என்றால் அப்படி ஒரு பயம். விடியுமுன் பந்தலுக்குள் நுழைந்து, பசித்த நேரத்தில் சாப்பிட்டு வாழ்கிறவள் நான். தினமும் நேரம் பார்த்து என் வயிற்றில் நானே குத்திக்கொள்வதாவது! அது வேண்டாம், எப்படியாவது வேண்டாம். அந்த மாதங்களில் நான் வேண்டிக்கொண்டது இது ஒன்றைத்தான்.

அதனால் இருந்ததையும் குறைத்தேன். முதலில் கடலை போயிற்று, பிறகு தேங்காய், பிறகு தயிர். என் வீட்டுக்காரர் கம்பத்திலிருந்து கேரளா எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவர். அவர் வழியில் புரோட்டா தின்றுவிட்டு வந்தால் எனக்கு வாசலிலேயே மூக்கில் ஏறும். அந்த நாட்களில் அவர் வாயைக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். அப்படியும் நான் விழுந்து பிடுங்குவேன். இவ்வளவுக்கும் முள் எழுபத்தொன்பதை விட்டு நகரவில்லை.

தோட்டத்தில் பன்னீர் திராட்சை கறுத்து நின்ற சமயம் அது. வெட்டுக்குத் தயாரா என்று பார்க்கும் வேலை என்னுடையது. காலையும் மாலையும் பந்தலுக்கு அடியில் வரிசை வரிசையாகப் போய்க் கொடிக்குக் கொடி கிள்ளி வாயில் போட்டுப் பார்க்கவேண்டும். ஒரு மூலை இனிக்கும், வாய்க்கால் பக்கம் இன்னும் புளிக்கும். அது போக, வாங்குகிற வியாபாரிகள் வருவார்கள். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வியாபாரி எந்தக் கொத்தைக் கைகாட்டுகிறாரோ, அதில் தோட்டக்காரர் முதலில் பிய்த்துத் தின்று காட்டவேண்டும். பழத்தில் புதிதாகப் பூச்சிமருந்து அடிக்கவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. தோட்டக்காரர் தின்ற பிறகுதான் வியாபாரி வாயில் போடுவார். விலைப் பேச்சே அதற்கப்புறம்தான்.

ஒருநாள் இரண்டு வியாபாரிகளைச் சுற்றிக் காட்டி அனுப்பிவிட்டு மோட்டார் அறையில் உட்கார்ந்தேன். தலை ஒரு மாதிரி இருந்தது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் வாங்கி அனுப்பிய சர்க்கரை மீட்டர் பையில் இருந்தது. வழக்கமாக எழுந்தவுடன் வெறும் வயிற்றில் பார்ப்பதோடு சரி. அன்றைக்கு என்னமோ தோன்றி அங்கேயே விரலில் குத்திப் பார்த்தேன். நானூறைத் தாண்டிக் காட்டியது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடவில்லை, எப்படி நானூறு வரும்? போனை எடுத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். நல்லவேளையாக அன்று சவாரி இல்லை. ஜீப்பைப் பறக்கவிட்டுச் சின்னமனூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் நிறுத்தினார். வழியெல்லாம் நான் பிள்ளைகளுக்கு என்னென்ன சொல்லவேண்டும் என்று அவரிடம் சொல்லிக்கொண்டே போனேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அங்கே இருந்த நர்ஸ் பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். என் விரலைப் பிடித்துப் பார்த்தவள், போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னாள். கழுவிவிட்டு வந்ததும் மறுபடி குத்தினாள். இருநூற்றி நாற்பது.

"நானூறெல்லாம் இல்லம்மா. வெரல்ல பழச்சாறு ஒட்டியிருந்தா மீட்டர் அப்படித்தான் கூட்டிக் காட்டும்" என்றாள். "ஆனா இதுவும் அதிகந்தான். திராட்சை சாப்டீகளா?"

"நான் எங்க சாப்ட்டேன்? ருசிதான் பாத்தேன்."

"எத்தன பாத்தீக?"

அதையெல்லாம் யார் எண்ணிக்கொண்டிருப்பது என்றேன். அந்தப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர் வந்து பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை, தண்ணீர் நிறையக் குடியுங்கள், உங்கள் டாக்டரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார். நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். ஒரு சின்னப் பெண்ணுக்கு என்ன சிரிப்பு என்று உள்ளுக்குள் கொதித்தது.

ஊர் எல்லை வந்திருக்காது, எனக்குப் பொறி தட்டியது. அந்த எட்டு கிலோ எப்போது குறைந்தது? கவாத்து வெட்டி, கொடி மொட்டையாக நின்றபோது. பூவும் பிஞ்சுமாக இருந்தவரைக்கும் குறைந்துகொண்டே வந்தேன். முள் எப்போது நின்றது? பழம் நிறம் மாறி, நான் கிள்ளிக் கிள்ளி வாயில் போட ஆரம்பித்தபோது. ஜீப்பை நிறுத்துங்கள் என்று கத்தினேன். அவர் பதறிப்போய் ஓரங்கட்டினார்.

"என்னத்தா, மறுக்கா கிறுகிறுன்னு வருதா?"

"இல்லங்க. கண்டுபிடிச்சுட்டேன்."

ரோட்டோரத்தில் நின்று அவருக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். எனக்கு வெட்கமே வரவில்லை. சந்தோஷம் தாங்கவில்லை. மாதக்கணக்கில் வீட்டுக்குள் புகுந்து திருடிக்கொண்டிருந்தவனைக் கையும் களவுமாகப் பிடித்ததுபோல் இருந்தது. கடலையையும் தேங்காயையும் அநியாயமாகச் சந்தேகப்பட்டிருக்கிறேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் நான் தின்ற புரோட்டாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதானே என்று கேட்டார்.

மறுநாள் காலையில் ஒரு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பந்தலுக்குள் போனேன். எந்தப் பழத்தையெல்லாம் வாயில் போடத் தோன்றியதோ, அதையெல்லாம் அதில் போட்டேன். தோட்டத்தில் பாதிகூடச் சுற்றவில்லை, மூடி மூடமாட்டேன் என்றது. நான் அப்படியே நின்றுவிட்டேன். இவ்வளவையும் தின்றுவிட்டுப் போய்த்தான் முட்டையில் மஞ்சள் கருவைச் சாப்பிடலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

சரி, வாயைக் கட்டிவிடலாம், ஆனால் பழத்தை எப்படி விற்பது? வானம் வேறு மூடிக்கொண்டு வந்தது. கறுத்த பழத்தில் மழை விழுந்தால் வெடித்துவிடும், அப்புறம் கேட்பாரில்லை. முதலில் வந்த வியாபாரி கைகாட்டிய கொத்தில் பிய்த்து மென்றேன், திரும்பிக்கொண்டு மெதுவாகத் துப்பினேன். அவர் பார்த்துவிட்டார். போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலத்துக்குள் எங்கள் தோட்டத்தில் மருந்து வாடை அடிக்கிறது, தோட்டக்காரி தானே துப்பினாள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. அடுத்து வருவதாகச் சொன்னவர் வரவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரர், நான் தின்றால் நம்பமாட்டார்கள், துப்பின நீயே இந்த ஒரு வெட்டு மட்டும் தின்று காட்டிவிடு, பழம் போனதும் நிறுத்திக்கொள்ளலாம் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் ஏறி இறங்கும் மலை ரோட்டை விட இந்தத் தோட்டம்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் டாக்டர் சொன்ன நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்படியானால் நீங்களே என் வயிற்றில் ஊசியைக் குத்துங்கள் என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். படுத்தும் தூக்கம் வரவில்லை. பழமும் போய் ஊசியும் வந்துவிட்டால் என்ன செய்வேன் என்று அழுகையாக வந்தது.

இரண்டு நாள் கழித்துக் கம்பத்திலிருந்து எங்களிடம் நெடுநாளாக வாங்கும் வியாபாரி, லாரியும் காலிப் பெட்டியும் பழம் வெட்டும் ஆட்களுமாக வந்தார். பேச்சு அவர் காதுக்கும் போயிருந்தது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வந்ததும் வராததுமாக நடுப்பந்தலில் ஒரு கொத்தைக் கைகாட்டினார். எனக்குச் சர்க்கரை இருப்பதை அதுவரை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் வருகிற போகிறவரெல்லாம் வைத்தியம் சொல்வார்கள், எனக்குப் பொறுக்காது. அன்றைக்கு வேறு வழியில்லை.

"அண்ணே, பழத்துல ஒரு கொறையும் இல்ல. எனக்குத்தான் சக்கர. தின்னா ஊசி போடணும்னுட்டாக. அதான் துப்புனேன்."

டிபன் பாக்ஸ் கதையையும் மீட்டர் கதையையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் கொத்தைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டு நின்றார். கேட்கக் கேட்க முகம் மாறியது. நம்பவில்லையோ என்று எனக்குத் திக்கென்றது. கடைசியில் கொத்தைப் பெட்டிமேல் வைத்துவிட்டு, பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டார்.

"நானும் சோத்த விட்டு ஒரு வருசம் ஆச்சு தாயி" என்றார். "கோதுமக் கஞ்சிதான். ஆனாலும் சக்கர எறங்க மாட்டேங்குது. டாக்டரு என்னையப் பொய் சொல்றேங்குறாக. நீ ஒரு தோட்டத்துக்கே இம்புட்டுன்னா, நான் ஒரு நாளைக்கு எத்தன தோட்டம் ஏறி எறங்குறேன்?"

முதலில் நான்தான் சிரித்தேன். அடக்கமாட்டாமல் அவரும் சிரித்தார். பழம் வெட்ட வந்திருந்த பெண்கள், இதுகளுக்கு என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார்கள். சிரிப்பு ஓய்ந்த பிறகு, அங்கே நின்றிருந்த என் வீட்டுக்காரரை எனக்குப் பதிலாகத் தின்னச் சொன்னார். தனக்குப் பதிலாகத் தின்ன லாரி டிரைவரைக் கூப்பிட்டார். இருவரும் எதிரெதிரே நின்று, சாமிக்குப் படைத்ததைத் தின்பவர்கள் மாதிரி அவ்வளவு கவனமாகத் தின்றார்கள். இனிப்பு எப்படி என்று நாங்கள் இரண்டு பேரும் வாயில் எச்சில் ஊற நின்று கேட்டோம். விலையில் அவரும் விட்டுக்கொடுக்கவில்லை, நானும் விட்டுக்கொடுக்கவில்லை, ஆனாலும் முடிந்தது. மழைக்கு முன்னால் கடைசிப் பெட்டியும் லாரி ஏறியது.

டாக்டர் சொன்ன நாளைத் தள்ளிப்போட எனக்குத் தைரியம் இல்லை. பழத்தை நிறுத்தி அப்படியொன்றும் அதிக காலம் ஆகியிருக்கவில்லை. வீட்டு மிஷினில் ஏறிப் பார்க்கவும் பயந்து, அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் தேனிக்குப் போனேன். டாக்டர் அறையில் எடை மிஷினில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டேன். எழுபத்தாறு என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. எனக்குப் பின்னால் நிற்பவரைச் சொல்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை.

சர்க்கரையும் இறங்கியிருந்தது. டாக்டர் பழைய காகிதத்தையும் புதிய காகிதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். என்ன மாற்றினீர்கள் என்று கேட்டார். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு, மாத்திரையே தொடரட்டும், ஊசி இப்போதைக்கு வேண்டாம் என்றார்.

இன்னொரு தடவை சொல்லுங்கள் டாக்டர், என் வீட்டுக்காரர் வெளியே நிற்கிறார், அவர் காதிலும் விழட்டும் என்று கதவைத் திறந்துவிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். டாக்டர் சிரித்துக்கொண்டே, ஊசி வேண்டாம் என்று சத்தமாகச் சொன்னார். சின்னமனூருக்குப் போன அன்று வழியெல்லாம் வாயைத் திறக்காத மனுஷன், அத்தனை பேருக்கும் நடுவில் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு விசும்பி அழுதார்.