கழிப்பறை உள்ள வண்டி

எங்கள் பக்கத்தில் கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் உட்கார்ந்து மேக்கப் போட்டுக்கொள்ளும் வண்டி. அதனால் அரையாண்டு லீவு விட்டதும் ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருமுனையில் அப்படி ஒன்று வந்து நின்றபோது சின்னதாக ஒரு கூட்டம் கூடிவிட்டது. யார் ஹீரோ என்று விசாரித்தார்கள். கதவைத் திறந்துகொண்டு நான் இறங்கினேன். வழுக்கை, லுங்கி, கையில் ரசப்பொடி டப்பா. கூட்டம் கலைந்த வேகத்தில் என் முகத்தைப் பற்றி எனக்கு மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்தது.

அந்த வண்டியை நாங்கள் டிரைவரோடு வாடகைக்கு எடுத்தது கடல் பார்க்க அல்ல. கழிப்பறைக்காக எடுத்தோம்.

அப்பாவுக்கு ப்ராஸ்டேட் வீக்கம். அரை மணிக்கு ஒரு தடவை போயாக வேண்டும், வந்தால் தாங்காது. பஸ் ஏறுவதை விட்டார், கல்யாணங்களை விட்டார், கடைசியில் திருவானைக்காவலில் இருக்கும் சிநேகிதர் வீட்டுக்குப் போவதையும் விட்டார். ஆபரேஷன் பேச்சை எடுத்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவார். காரணத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்று எங்களுக்குக் கண்டிப்பான உத்தரவு. வேதாரண்யத்தில் இருக்கும் அவருடைய அக்காவுக்கும், அதாவது என் அத்தைக்கும், தெரியாது.

ஆடி மாதம் அத்தையின் வீட்டுக்காரர் இறந்துபோனார். அப்பா போகவில்லை. நானும் என் மனைவியும்தான் போனோம். அத்தை எங்கள் தோளுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குக் காய்ச்சல் என்றேன். மறுநாள் அப்பா போன் செய்து, முழங்கால் வலி, எழுந்திருக்கவே முடியவில்லை என்றிருக்கிறார். பொய் சொல்வதற்கு முன் கலந்து பேசிக்கொள்ள வேண்டும் என்கிற சாதாரண அறிவுகூட எங்கள் வம்சத்தில் கிடையாது. அன்றோடு அத்தை போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். கூடப் பிறந்தவன் என்று எனக்கு ஒருத்தனும் இல்லை என்று அங்கே சொல்லிக்கொண்டிருப்பதாகக் காதுக்கு வந்தது. அப்பா தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு தடவை அடிப்பார். மணி அடித்து ஓயும்வரை காதில் வைத்திருப்பார். பிறகு போனைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு, டவர் இல்லை என்பார்.

இதைப் பார்க்கச் சகிக்காமல்தான் எனக்குக் கேரவன் யோசனை வந்தது. மனைவி ஸ்கூல் டீச்சர், அவளுக்கும் லீவு. பூம்புகாரில் கடலைப் பிடித்து, தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி என்று கரையோரமாகவே மெதுவாக இறங்கி வேதாரண்யம் போவது. கழிப்பறை கூடவே வருகிறது, இனி என்ன கவலை? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். வேறு யாரும் மெச்சியதாக ஞாபகம் இல்லை.

பூம்புகார் தாண்டுவதற்குள்ளேயே மூளையின் லட்சணம் தெரிந்துவிட்டது. வண்டிக்குள் இடது பக்கம் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும். அதற்கு நேர் எதிரே கழிப்பறைக் கதவு. அப்பா கதவைத் திறந்தார், அடுப்பைப் பார்த்தார், மூடினார்.

"நடுவுல ஒரு முழம்கூட இல்லையேடா."

பொன்மலை ஒர்க் ஷாப்பில் முப்பது வருஷம் ரயில் பெட்டி பழுது பார்த்தவர் நீங்கள், ரயிலில் அத்தனை பேரும் சாப்பிடவில்லையா என்று மடக்கினேன்.

"சாப்பிடுவாங்க. எம் மருமக அங்க நின்னு வெங்காயம் நறுக்க மாட்டா."

தட்டினால் அப்பளம்போல ஒலிக்கிற கதவு அது. சரி, நாங்கள் இறங்கி நிற்கிறோம் என்றாள் மனைவி. ஆனால் வண்டி எங்கே நின்றாலும் ஹீரோவைப் பார்க்க ஆள் கூடிவிடுகிறது. எல்லோரும் இறங்கி வரிசையாக நின்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஊருக்கே அறிவித்ததுபோல் ஆகும் என்றார் அப்பா. ஆகவே கழிப்பறைக்குள் வெங்காய மூட்டையை வைத்தோம். பெட்ரோல் பங்க் பெட்ரோல் பங்க்காக நின்று போனோம்.

மறுநாள் அப்பா வண்டியை நிறுத்தவே சொல்லவில்லை. கடல் காற்று குணப்படுத்திவிட்டது என்று நான் ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். தரங்கம்பாடியில் வண்டியைக் கழுவிய டிரைவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வெள்ளை வண்டியில் அப்பாவின் ஜன்னலுக்குக் கீழே பழுப்பாக நீளக் கறை. காக்கையின் வேலையாக இருக்கும் என்றேன்.

"எந்த ஊர்க் காக்காங்க டிகிரி காபி குடிக்குது?" என்று கேட்டுவிட்டு மனைவி உள்ளே ஏறினாள். காலையில் அவள் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் கழுத்துவரை அப்படியே இருந்தது. காபி, மோர், ரசம் எல்லாம் ஜன்னல் வழியாகப் போயிருக்கின்றன. அப்பாவின் உதடு வெடித்திருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நான் பிரசங்கத்தில் இருந்தேன்.

"தண்ணி குடிங்க மாமா."

"தாகமில்லம்மா."

வேளாங்கண்ணியில் காலையில் எழுந்தபோது அவருக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் வியர்த்து ஊற்றியது, வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டச் சொன்னேன். அங்கேயும் வாசலில் நாலு பேர் செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்பாவை நானும் டிரைவரும் தூக்கி இறக்கியதைப் பார்த்ததும் போனைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

டாக்டரம்மா சின்னப் பெண். தண்ணீரும் குடிக்காமல், வந்ததையும் அடக்கி வைத்தால் வேறு என்ன ஆகும் என்று என்னைத்தான் திட்டினார். குழாய் போட்டுப் பையை மாட்டினார்கள். திருச்சிக்குப் போய் அங்குள்ள டாக்டரைப் பார்க்கும்வரை எடுக்கக் கூடாது, பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் இருக்க வேண்டும். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"வீட்டுக்குப் போயிடலாம்டா" என்றார்.

வேதாரண்யத்துக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. இப்போது திரும்பினால் அப்பா இனி வாசற்படி தாண்ட மாட்டார் என்று எனக்குத் தெரியும். அத்தைக்கும் வயது எண்பதைத் தாண்டிவிட்டது. வழக்கம்போல ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். கட்டிலோரம் தொங்கிய பையைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

மனைவி வண்டிக்குப் போய் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்தாள். ஏதோ கல்யாணத்தில் தேங்காய் போட்டுக் கொடுத்த தாம்பூலப் பை. மூத்திரப் பையை அதற்குள் இறக்கி, மஞ்சள் பையின் காதை அப்பாவின் கையில் கொடுத்தாள்.

"மார்க்கெட்டுக்குப் போயிட்டு வர்ற மாதிரி நடங்க மாமா. யாருக்குத் தெரியப் போகுது."

அப்பா பையில் அச்சடித்திருந்த பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்தார்.

"நான் போகாத கல்யாணம்" என்றார். பிறகு எழுந்து நின்றார்.

அத்தையின் தெருவிலும் பிள்ளைகள் வண்டியைச் சுற்றிக்கொண்டார்கள். அப்பா ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் பையையும் பிடித்துக்கொண்டு இறங்கினார். அத்தை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். எங்களை வா என்றார். அப்பாவைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தார்.

"துரை வெறுங்கையோட வரலை போலருக்கு. என்ன வாங்கியாந்திருக்காரு, ஆப்பிளா?" என்று என் மனைவியிடம் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் பிள்ளைகளைப் பார்த்தேன்.

"ஒண்ணுக்குப் பை அக்கா" என்றார் அப்பா. "குழா போட்டிருக்கு."

அத்தை அப்போதுதான் தம்பியின் முகத்தைப் பார்த்தார். வெடித்த உதட்டைப் பார்த்தார்.

"எத்தினி நாளா இந்தச் சீக்கு?"

"ரெண்டு வருஷமாச்சு."

"அதானா அன்னிக்கு வரல?"

அப்பா தலையை ஆட்டினார்.

"சொல்றதுக்கு என்னடா?"

"உங்கிட்ட போயி எப்படிக்கா..."

"உனக்குக் குண்டி கழுவி விட்டவடா நான்."

சொல்லும்போதே அத்தைக்குக் குரல் உடைந்துவிட்டது. ஆடியில் எங்களைக் கண்டபோது அவர் அழவில்லை. இப்போது, உங்க அத்தான் போயிட்டாரேடா என்று தம்பியை நோக்கி இரண்டு கையையும் நீட்டி அழ ஆரம்பித்தார். அப்பா குனிந்தார். குனிந்தும் பாதியில் நின்றுவிட்டார். அக்காவைக் கட்டிக்கொள்ள இரண்டு கை வேண்டும். ஒன்றில் பை இருந்தது.

நான் போய் வாங்கிக்கொண்டேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது, வெதுவெதுப்பாகவும் இருந்தது. பிள்ளைகளில் ஒருவன் அண்ணே, நீங்க யாருண்ணே என்று கேட்டான். பதில் சொல்லத் திரும்பியதில் கை மேலே ஏறிவிட்டது போலிருக்கிறது.

"கீழ பிடிடா" என்றார் அப்பா, அத்தையின் தோளுக்குள்ளிருந்து, அழுகைக்கு நடுவே. "இடுப்புக்குக் கீழ."

கீழே பிடித்தேன்.