சாம்பல் படாத ரேடியோ

சாம்பல் போட்டு விளக்க முடியாத பொருள் என்று ஒன்று இருப்பதாக அம்மா நம்பியதே இல்லை. பித்தளைக் குடம், அலுமினியச் சட்டி, பால்வாளி எல்லாமே அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் பட்டால் பளபளக்கும். அதனால்தான் அன்று எங்கள் வெள்ளை பிளாஸ்டிக் ரேடியோவையும் சாம்பல் தட்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

சுங்காய் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசையில் ஒரு லயத்து வீடு எங்களுடையது. லாரி கிளப்பும் செம்மண், விறகுப் புகை, சாமிப் படத்துக்குப் போடும் சாம்பிராணி மூன்றும் படிந்து ரேடியோ பழுப்பாகிவிட்டிருந்தது. மறுநாள் காம்பார் டவுனிலிருந்து பெரியம்மா வருகிறார். போன முறை அதன்மேல் விரலை இழுத்துப் பார்த்து, "எஸ்டேட்டுல எத வெச்சாலும் அழுக்குதான்லா" என்று சிரித்தவர். அம்மா சிரிக்கவில்லை.

"சாம்பல் வேணாம்மா, கீறிடும். கீறலுக்குள்ள தூசி போனா அப்புறம் வரவே வராது."

"பொறந்ததுலேருந்து வெளக்குறேன், எனக்குச் சொல்ல வந்துட்டா. கெடுத்துவெச்சே, தோல உரிச்சிருவேன்."

ஆனாலும் கொடுத்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் இடைநிலைப் பள்ளிக்குப் போன முதல் ஆள் நான். மனையியல் பாடத்தில் படித்ததை அன்றுதான் வீட்டில் செய்து பார்த்தேன். பேட்டரிகளைக் கழற்றினேன். வெதுவெதுப்பான நீரில் சவர்க்காரத் தூள் கரைத்து, துணியை நனைத்துச் சொட்டாமல் பிழிந்து, பிசுக்கின்மேல் போர்த்தி வைத்தேன். ஊறியபின் தேய்க்கவே வேண்டியிருக்கவில்லை, வழித்தால் வந்தது. இடுக்குகளுக்குத் தேய்ந்துபோன பல் பிரஷ். கடைசியில் அம்மா காய்ந்த துணியோடு அழுத்தித் துடைக்க வந்தார். விடவில்லை. காய்ந்த துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக் தூசியைத் தானே இழுத்துக்கொள்ளும். அது அறிவியல் பாடம். ஈரத்துணியால் ஒற்றி, நிழலில் உலரவிட்டேன்.

அம்மா அடுப்படியிலிருந்து நாலைந்து முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் பெரியம்மா வந்ததும் கண் அங்கேதான் போனது.

"புதுசு வாங்கிட்டியா?"

"பழசுதான்க்கா. என் மக தொடச்சா."

"அப்படின்னா அடுத்த வாரம் அனுப்பிவுடு லா. எங்க வூட்டு ஃபேன் றெக்கையெல்லாம் பிசுபிசுன்னு கெடக்கு."

அக்கா பேச்சைத் தட்டியே பழக்கமில்லாத அம்மா, தேநீர்க் கோப்பையை அவர் முன்னால் வைத்தார்.

"அவளுக்குப் படிக்கிற வேல இருக்கு. நீ ஒக்காருக்கா, எப்படின்னு நான் சொல்றேன்."

சொன்னார். வெதுவெதுப்பு எவ்வளவு, துணி எவ்வளவு நேரம் ஊற வேண்டும், எங்கே பிரஷ் போட வேண்டும், எதையும் விடவில்லை. நடுவில் வெறும் கையைத் துணி பிழிவதுபோல் முறுக்கிக் காட்டினார். நான் உள்ளே புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு வரிகூடப் படிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.