கிணற்றுக்குள் சாதகம்

என் புத்திசாலித்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பஸ்ஸில் தூங்கி விழித்தவன், பரளச்சி வந்துவிட்டதென்று பதறி வழியிலேயே இறங்கிவிட்டேன். உச்சிவெயிலில் கரிசல் காடு ஆளின்றிக் கிடக்கிறது. ஆனால் தரைக்கு அடியிலிருந்து பாட்டு வருகிறது. பையை மார்போடு இறுக்கிக்கொண்டு, வீரனைப் போல நெருங்குகிறேன். வற்றிய கிணற்றோரம் ஓர் அம்மாள் உட்கார்ந்திருக்கிறார்.

“எம் மக பாடுறா. யூனிவர்சிட்டியில பாட்டுப் படிக்கிறா. வீட்டுல கத்துனா பக்கத்து வீட்டுக்காரவுக ஏசுறாக, அதான் கெணத்துக்குள்ள எறங்கிப் பாடிச் சாதகம் பண்ணுறா. போன போட்டிக் கச்சேரியில உச்சத்துல கொரலு ஒடஞ்சு பரிசு போச்சு. நாளைக்குத்தான் கடைசிக் கச்சேரி.”

குரல் உச்சத்துக்கு ஏறுகிறது, உடைகிறது, நின்றுவிடுகிறது. உடனே இன்னொரு குரல் அதே இடத்தைப் பிசிறில்லாமல் பாடி முடிக்கிறது.

“ரெண்டாவது பிள்ள பிரமாதம்க்கா! உள்ள எத்தன பேரு?” என்கிறேன்.

அவர் கிணற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“எறங்குனது ஒருத்திதான்.”