அக்கா பெயரில் இருபது வருடம்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் சேர்ந்தபோது மேகலாவுக்குப் பதினைந்து வயதுதான். வயது போதாததால் அக்கா சுகுணாவின் சர்டிபிகேட்டைக் காட்டிச் சேர்ந்தாள். இருபது வருடம் அங்கே சுகுணாவாகவே தோல் தைத்தாள்.

சென்ற மாதம் கம்பெனியை மூடிவிட்டார்கள். வேறு வேலை தேட, ரெஸ்யூம் அடிக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனாள்.

கடைக்காரப் பெண் காகிதங்களைப் புரட்டினாள். "இன்னாக்கா இது? ஆதார்ல மேகலா, எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்ல சுகுணான்னு இருக்குது?"

"தச்சதெல்லாம் நான்தாம்மா! எங்கக்கா அந்த கேட்டுக்குள்ள கால்கூட வச்சதில்ல."

"பேரு ஒத்துப்போவலன்னா இத ஒத்துக்கமாட்டாங்கக்கா. அனுபவம் இல்லன்னு போட்றவா?"

ஊசி ஏறி நகம் கோணிப்போன விரலையே மேகலா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடு. சுகுணாவுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றாள்.