மெத்தை வீராங்கனை

வண்டி சீட்டுகளுக்கு உறை தைத்துக் கொடுக்கும் அவளுக்கு அந்தத் தெருவில் சீட் அக்கா என்று பெயர். அவளைவிட வயதில் ரொம்ப மூத்த எதிர்க்கடை மெக்கானிக்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். பைக், ஸ்கூட்டர், வேன் என்று எது வந்து கடை முன்னால் நின்றாலும் ஓட்டிவந்தவர் முகத்தை அவள் பார்ப்பதில்லை, சீட்டைத்தான் பார்ப்பாள். பள்ளம் விழுந்திருக்கிற லட்சணத்தை வைத்தே, "அண்ணே, பர்ஸைப் பின்பாக்கெட்ல வெச்சுக்கிட்டு ஓட்டாதீங்க. வலது பக்கம் மட்டும் உள்ள போயிருக்கு பாருங்க" என்பாள். வந்தவர் அசடு வழியப் பின்பக்கத்தைத் தடவிக்கொள்வார்.

இத்தனை கைவேலை தெரிந்தவளுக்கு ஒரு சட்டை தைக்கத் தெரியாது. அவள் உடுத்துவதெல்லாம் தெருக்கோடி டெய்லர் தைத்தது. "மெஷினைக் கடையிலயே வெச்சுக்கிட்டு வெளிய குடுக்கறியே" என்று கேட்கிறவர்களுக்கு அவளிடம் பதில் தயாராக இருக்கும். "சீட்டு வெச்ச இடத்துல இருக்கும். மனுஷ உடம்பு அப்படியா? ஆடிக்கிட்டே இருக்கும். நமக்கு அது சரிப்பட்டு வராது."

அவள் புருஷன் பக்கத்துக் கடையில் நம்பர் பிளேட்டுக்கு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுகிறவர். இவர்களுக்கு ஒரே பெண், இரண்டாம் வகுப்பு. வீட்டில் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். கண் விழித்ததும் ஆரம்பித்தால் போர்வைக்குள் போன பிறகும் ஓயாது. ஆனால் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் யாரோ திருகி அணைத்தது போல அந்த ரேடியோ நின்றுவிடும். டீச்சர் கேட்டாலும் தலையாட்டல்தான், பக்கத்துப் பிள்ளை கேட்டாலும் தலையாட்டல்தான். அம்மாவே அங்கே வந்து நின்றாலும், குனியச் சொல்லிக் காதுக்குள்தான் பேசுவாள்.

"உங்க பொண்ணு வீட்டுல பேசுவாளாங்க?" என்று வகுப்பு டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டபோது அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"டீச்சர், அவ வாயை மூட வைக்கத்தான் நாங்க படாத பாடு படறோம்."

டீச்சர் சிரிக்கவில்லை. எழுத்துத் தேர்வில் பிள்ளைக்குக் குறை ஒன்றுமில்லை. வாய்மொழித் தேர்வில்தான் எல்லாக் கட்டமும் காலி. வாயே திறக்காத பிள்ளையை மேல் வகுப்புக்கு அனுப்ப முடியாது, இன்னொரு வருஷம் அங்கேயே உட்காரட்டும் என்று பெரிய டீச்சர் சொல்லிவிட்டாராம்.

"மாறுவேடப் போட்டிக்குப் பெரிய டீச்சர் முன்வரிசையில இருப்பாங்க. மேடையில ரெண்டு வரி சொன்னாலும் அதையே வாய்மொழியா எடுத்துக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன்" என்றார் வகுப்பு டீச்சர். "என்னால முடிஞ்சது அவ்வளவுதாங்க."

கூடப் படித்ததெல்லாம் மேலே போக, தன் பெண் மட்டும் அதே பெஞ்சில் இருந்தால் அப்புறம் வீட்டிலும் அந்த வாய் மூடிக்கொள்ளுமோ என்று அக்கா பயந்தாள்.

அன்று சாயங்காலம் மூவரும் கூடி உட்கார்ந்து யோசித்தார்கள்.

"பூ வேஷம் போடலாமாடி?" என்றாள் அக்கா.

"பூ பேசாதும்மா."

"அப்ப போலீஸ்?" என்றார் புருஷன்.

"எங்க கிளாஸ்ல பாதிப்பேர் போலீஸ்தான். பிடிக்கறதுக்குத் திருடனே இல்ல. நான் மெத்தை வீராங்கனை."

"அது யாரு? நான் கேள்விப்பட்டதே இல்லையே."

"நானே கண்டுபிடிச்சது. யாராவது மாடியிலிருந்து விழுந்தா, அவங்க தரைக்கு வர்றதுக்குள்ள ஓடிப்போய்க் கீழ படுத்துக்குவேன். அவங்களுக்கு அடியே படாது."

"உனக்குப் படுமேடி."

"எனக்கு உடம்பெல்லாம் ஸ்பாஞ்சும்மா."

"பறப்பியா நீ?" என்று புருஷன் கேட்டார்.

"எதுக்குப்பா பறக்கணும்? விழறவங்க எப்படியும் கீழதானே வரப்போறாங்க."

அவர் மனைவியைப் பார்த்து, "நியாயமாத்தானே பேசறா" என்றார்.

சொல்ல வேண்டிய இரண்டு வரியையும் அவளே தயாராக வைத்திருந்தாள்: யார் விழுந்தாலும் நான் கீழே இருப்பேன், தைரியமாக விழலாம். ஆனால் ஒரு நிபந்தனை. "டிரஸ் பிரமாதமா இருக்கணும். அப்பதான் எல்லாரும் வீராங்கனையைப் பார்ப்பாங்க. என்னைப் பார்க்க மாட்டாங்க. அப்படின்னா பேசிடுவேன்."

அக்கா சீட்டுக்குப் போடுகிற ஸ்பாஞ்சையும் ரெக்ஸினையும் தூக்கிக்கொண்டு நேரே டெய்லரிடம் ஓடினாள். அவர் இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "என் ஊசி நாலும் உடைஞ்சு போகும். இது உன் மெஷின்லதான் ஏறும், போ."

ஆக, ஒரு மனுஷ உடம்புக்கு முதல்முதலாகத் தைக்கும் வேலை அவள் தலையிலேயே வந்து விழுந்தது.

கடையில் மிச்சம் கிடந்த சிவப்பு ரெக்ஸினை எடுத்து வைத்தாள். ஓரத்துக்கு மஞ்சள் பைப்பிங். பள்ளி விட்டு வந்த பெண், வழக்கம் போலப் பெஞ்சின் மேல் கழற்றி வைத்திருந்த ஒரு பைக் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதை அளக்க ஆரம்பித்தாள். அக்கா டேப்பை எடுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள். கழுத்திலிருந்து முதுகு, முதுகிலிருந்து இருக்கை, இருக்கையிலிருந்து முட்டி மடிப்பு, மடிப்பிலிருந்து கணுக்கால். கை தானாகப் போயிற்று. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை காலம் பயந்தோம் என்று தோன்றியது.

நெஞ்சில் ஒட்டும் சின்னம் புருஷன் பொறுப்பு. முதலில் அவர் கொண்டுவந்தது மஞ்சள் கட்டத்தில் கறுப்பு எழுத்து.

"அப்பா, வீராங்கனைக்கு நம்பரா?"

"ரோட்ல ஓடப்போறேன்னியே, அதான்."

அப்புறம் வெளிச்சம் பட்டால் மின்னும் ஸ்டிக்கரில் ஒரு தலையணை வெட்டிக் கொண்டுவந்தார். "பிஸ்கட் மாதிரி இருக்கு" என்றாள் பெண். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரும்பிப் போனவர், நாலு மூலையிலும் குஞ்சம் வைத்து வந்தார். அது தேறியது.

உடுப்பைப் போட்டுப் பார்த்ததுகூட அதே சீட்டின் மேல்தான். "கீழ இறங்கிடாதே, தரையெல்லாம் ஆயில். கறை பட்டா போகாது" என்று சொல்லி, கால் வழியாக ஏற்றி, இடுப்பை லேசாகத் தூக்கச் சொல்லி உள்ளே இழுத்து, முதுகில் ஜிப்பை மூடினாள். ஒரு சுருக்கம் இல்லை. அச்சில் வார்த்தது போலப் பொருந்தியது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, என் பைக் சீட்டுகூட இவ்வளவு அழகா உட்காரலையே" என்றார். அக்காவுக்கு அதைவிடப் பெரிய புகழ் வேறு என்ன வேண்டும்?

போட்டியன்று மேடையை ஒட்டிய அறையில் பூவும் போலீசுமாக நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஒரு பெஞ்சில் உட்காரவைத்து உடுப்பை மாட்டிவிட்டு, "எழுந்து நில்லுடி, பார்க்கலாம்" என்றாள் அக்கா.

பெண் எழுந்தாள். முட்டி மடங்கியபடியே இருந்தது. பின்பக்கம் தள்ளிக்கொண்டு நின்றது. முதுகு மட்டும் விறைப்பாக நிமிர்ந்திருக்க, தாவப் போகும் தவளை ஒன்று கடைசி நொடியில் யோசனையில் ஆழ்ந்தது போல இருந்தாள்.

"நேரா நில்லு."

பெண் விரலை ஆட்டிக் குனியச் சொன்னாள். அக்கா குனிந்தாள். "நேராத்தாம்மா நிக்கிறேன்" என்றது காதுக்குள் ஒரு குரல்.

முட்டியைப் பிடித்து அழுத்தினாள். அசையவில்லை. ரெக்ஸின் துணியா என்ன, இழுத்தால் கொடுக்க? அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. பிள்ளைக்கு அளவெடுத்ததாக நினைத்தாளே தவிர, அவள் தைத்திருந்தது உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் வடிவத்துக்கு உறை. சீட்டு மாதிரியே. கையை உதறிப் போட்டுவிடலாம் போல இருந்தது. தெரிந்த ஒரே வேலையைத் தெரிந்த மாதிரியே செய்து, பிள்ளையின் ஒரு வருஷத்தைக் கெடுத்தாயிற்று.

பையிலிருந்து கத்தரியை எடுத்தாள். பெண் இரண்டு முட்டியையும் பொத்திக்கொண்டாள். மறுபடி காது. "வெட்டினா ஸ்பாஞ்சு வெளிய வந்துடும். அப்புறம் எல்லாரும் என்னைத்தான் பார்ப்பாங்க."

"அடுத்து, மெத்தை வீராங்கனை" என்றது மைக்.

மடக்கிய காலுடன் அவள் மேடையேறினாள். விளக்கு வெளிச்சம் நெஞ்சிலிருந்த தலையணையில் பட்டுத் தெறித்து, முன்வரிசையில் இருந்த பெரிய டீச்சரின் கண்ணைக் கூசவைத்தது. அவர் கையால் மறைத்துக்கொண்டார். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். "என்னடா இது, பாத்ரூம் போற வீராங்கனையா?" என்று ஒரு குரல் கேட்டது. பின்னாலிருந்து ஒருத்தர் மட்டும் பலமாகக் கை தட்டினார். அது யார் என்று அக்கா திரும்பிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

வகுப்பு டீச்சர் மைக்கை அவள் வாயருகே பிடித்தார். சத்தமில்லை. நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி எவ்வளவு நேரம்தான் ஒரு பிள்ளை நிற்கும்? தொடை நடுங்க ஆரம்பித்தது. மஞ்சள் பைப்பிங் ஆடுவது ஓரத்திலிருந்தே தெரிந்தது. பெண் அம்மா பக்கம் திரும்பி, விரலை ஆட்டினாள். குனி.

அக்கா படியில் ஒரு காலை வைத்துவிட்டாள். மூன்று எட்டில் போய்விடலாம். போனால் காதில் சொல்லுவாள். காதில் சொன்னால் அதோடு சரி, அடுத்த வருஷமும் அதே பெஞ்சு. வைத்த காலை எடுத்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையசைத்தாள். பெற்ற பிள்ளையிடம் அப்படித் தலையசைக்க அவளுக்கு எங்கிருந்து மனசு வந்ததோ.

பெண் அம்மாவை முறைத்தாள். உதடு பிதுங்கியது. பிறகு மைக் பக்கம் திரும்பினாள்.

"நாற்காலி."

"என்னம்மா?" என்றார் டீச்சர்.

"நாற்காலி வேணும் டீச்சர். கால் வலிக்குது."

"டேய், இது பேசுதுடா" என்றான் பாத்ரூம் ஜோக் அடித்தவன்.

வகுப்பு டீச்சருக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. மேடையில் நாற்காலி இல்லை. மற்றவர்களெல்லாம் நீளப் பெஞ்சில் இருக்க, அருகில் தனி நாற்காலி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் இருந்த பெரிய டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு வழியில்லாமல் எழுந்து, அதைத் தானே தூக்கி மேடையில் வைத்தார்.

பெண் உட்கார்ந்தாள். அவ்வளவுதான், சிவப்பு ரெக்ஸின் ஒரு சுருக்கம் இல்லாமல் படிந்தது. தலையணை நெஞ்சில் ஜொலித்தது. சிரித்த பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

"யார் விழுந்தாலும் நான் கீழே இருப்பேன். தைரியமாக விழலாம்." கணீரென்று சொன்னாள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை எடுக்கப் போனார். பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா இப்ப ஓட முடியாது, ஏன்னா எங்கம்மா இதை சீட்டு மாதிரி தெச்சுட்டாங்க. எங்கம்மாவுக்கு மனுஷங்களுக்குத் தைக்க வராது. இந்தத் தலையணை எங்கப்பா பண்ணது. முதல்ல பிஸ்கட்டா இருந்தது. எங்கப்பா ஒரு தடவை ஒரு மாமா வண்டிக்கு முன்னாடி ஒரு நம்பரும் பின்னாடி வேற நம்பரும் ஒட்டிட்டாரு. அந்த மாமாவை போலீஸ் பிடிச்சுட்டாங்க."

பின்வரிசையில் கைதட்டல் நின்று போயிற்று. வேஷம் போட்ட போலீஸ்காரர்கள் அத்தனை பேரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"எங்க அப்பாவோட குறட்டை இருக்கே..."

உட்கார இடமில்லாமல் மேடையோரமாக நின்ற பெரிய டீச்சர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டார். குறட்டைக் கதை முடிகிற வழியாகத் தெரியவில்லை. வகுப்பு டீச்சரைக் கிட்டே கூப்பிட்டார்.

"வாய்மொழிக்கு முழு மார்க் போட்டுடுங்க" என்றார். "போட்டுட்டு, எப்படியாவது அந்த நாற்காலியை வாங்கிக் குடுங்க."